ஒரு வரி சொல்றேன், எழுதிக்குங்க

கணினிப் பழுதை நேரில் போய்ப் பார்ப்பது சுலபம். போனில் பார்ப்பதுதான் பெரும்பாடு. "மேல வலது மூலையில பல்சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்கும் பாருங்கக்கா" என்பேன். "இல்லையே தம்பி, இங்க மூணு கோடுதான் தெரியுது" என்பார் மறுமுனையில் இருப்பவர். லினக்ஸ் வகைகளில், உபுண்டுவில் அது ஓரிடத்தில் இருக்கும், லினக்ஸ் மின்ட்டில் வேறிடத்தில் இருக்கும், லுபுண்டுவில் இன்னொரு பெயரில் ஒளிந்திருக்கும். ஒரே உபுண்டுவிலும் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும். அவர் திரையில் என்ன இருக்கிறது என்று நான் ஊகித்து, நான் சொல்வது எது என்று அவர் ஊகித்து, கால் மணி நேரம் ஓடிவிடும்.

அதே வேலையைக் கட்டளையாகச் சொன்னால் இப்படி முடியும்: "கறுப்புத் திரையைத் திறங்க. டி, எஃப், ஒரு இடம் விடுங்க, சின்னக் கோடு, எச். என்டர் தட்டுங்க. வந்ததை அப்படியே வாசிச்சுச் சொல்லுங்க." வட்டில் எவ்வளவு இடம், எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எந்தப் பகுதி தொண்டைவரை வந்துவிட்டது எல்லாம் அவர் வாய்வழியாகவே எனக்குத் தெரிந்துவிடும்.

கட்டளை வரி நிபுணர்களுக்கானது, படமும் பொத்தானும்தான் சாதாரண மக்களுக்கானது என்று பொதுவாக நம்புகிறார்கள். என் தொழில் எனக்குக் காட்டியது வேறு. கட்டளை வெறும் எழுத்து. எழுத்தைப் போனில் சொல்லலாம், நோட்டில் எழுதலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், மூன்று வருடம் கழித்து எடுத்து அப்படியே தட்டலாம். பொத்தானை இப்படிக் கைமாற்ற முடியாது.

இந்தக் கட்டுரையிலும் கட்டளைகளை நான் போனில் சொல்வதுபோலவே எழுதுகிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து. 'கறுப்புத் திரை' என்றால் கட்டளை தட்டும் டெர்மினல். 'கோடு' என்றால் எழுத்துக்கு முன் வரும் சிறு கிடைக்கோடு. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுவேன்.

தேக்காவின் மாடியறை

வார நாட்களில் எனக்கு ஒரு நிறுவனத்தின் சர்வர் அறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூர் தேக்காவின் டன்லப் ஸ்திரீட்டில் நண்பரின் கடைவீட்டு மாடியறை. தேக்கா முழுக்க ஊரே திரண்டு நிற்கும் நாள் அது. துவாஸ், கிராஞ்சி தொழிலாளர் டார்மிட்டரிகளிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் தம்பிகள், காய்கறிக்கு வரும் குடும்பங்கள், முஸ்தபா கடைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்ப்பவர்கள். வருகிறவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் பழைய மடிக்கணினி.

அந்தப் பழைய கணினிகளுக்குத் தொடக்க காலத்தில் இரண்டு ஊற்றுகள் இருந்தன. ஒன்று சிம் லிம் ஸ்குவேர் என்கிற கணினிக் கடைத்தொகுதி, ரோச்சோர் பக்கம் நடக்கும் தூரம். மற்றொன்று சுங்கை ரோடு சந்தை. தரையில் பாயை விரித்துப் பழைய கடிகாரம், ரேடியோ, சார்ஜர், உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கணினி எல்லாம் பரப்பியிருப்பார்கள். சில பத்து வெள்ளிக்கு ஒன்று கிடைக்கும். 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு அந்தச் சந்தை மூடப்பட்டது.

2014 ஏப்ரல் 8-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவை நிறுத்தியபோதுதான் என்னிடம் கூட்டம் சேர்ந்தது. புது விண்டோஸைத் தாங்காத கணினிகள் லுபுண்டுவிலும் மின்ட்டிலும் நன்றாகவே ஓடின. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கும் அதே கதி வந்தது. மாடியறையில் மறுபடி அதே நெரிசல். டியூஷன் ஆசிரியை, மளிகைக் கடைக்காரர், போட்டோகிராபர், ஜோசியர், ஊரில் படிக்கும் மகளுக்கு ஒரு கணினி கொண்டுபோக நினைக்கும் கட்டுமானத் தொழிலாளி, இவர்கள்தான் என் லினக்ஸ் பயனாளர்கள். மென்பொருள் துறைக்காரர் ஒருவரும் இல்லை.

2020 ஏப்ரல் 7-ஆம் தேதி கொரோனாவுக்காகச் சிங்கப்பூர் அடைக்கப்பட்டது. டார்மிட்டரிகளில் இருந்தவர்கள் அறையைவிட்டு வெளியே வரமுடியவில்லை. அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் முழுக்க வீட்டிலிருந்தபடியே. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அலமாரிமேல் தூங்கிய கணினிகள் எல்லாம் ஒரே வாரத்தில் கீழே இறங்கின. எனக்குப் போனைத் தவிர வேறு வழியில்லை. அந்த மாதங்களில்தான் வாயால் சொல்லித் தரும் முறை எனக்கு முழுதாகப் படிந்தது.

கட்டளைக்கு முன் விரல்கள்

எந்தக் கட்டளையையும் சொல்வதற்கு முன் ஐந்து பழக்கங்களைச் சொல்லிவிடுவேன்.

பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டிவிட்டு டேப் விசையை அழுத்தினால் மீதியைக் கணினியே நிரப்பும். வேகத்துக்கு மட்டுமல்ல இது. டேப் அழுத்தியும் நிரம்பவில்லை என்றால் அதே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் பல இருக்கலாம்; இல்லையென்றால் அந்தப் பெயரில் கோப்பு இல்லை, அல்லது எழுத்துப் பிழை. என்டர் தட்டுவதற்கு முன்பே பிழை தெரிந்துவிடும்.

மேல் அம்பு போன கட்டளையைக் கொண்டுவரும். கன்ட்ரோலும் ஆரும் சேர்த்து அழுத்தி ஒரு சொல்லைத் தட்டினால் என்றோ அடித்த கட்டளை தேடி வரும். போன மாதம் நான் சொன்ன நீள வரியை மறுபடி கேட்க வேண்டியதில்லை.

ஓடுகிற வேலையை நிறுத்த கன்ட்ரோல் சி. அதனால்தான் இந்தத் திரையில் நகலெடுக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றும் வேண்டும். இதைச் சொல்லாவிட்டால், நகலெடுப்பதாக நினைத்து நடுவேலையை வெட்டிவிடுவார்கள்.

நீளமான விளக்கப் பக்கத்துக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் கணினியை அணைப்பவர்கள் உண்டு. கியூ எழுத்தை ஒருமுறை தட்டினால் போதும்.

ஐந்தாவதற்குத்தான் அதிகம் அழைப்பு வரும். நிர்வாகி உரிமை தரும் சூடோவைக் கட்டளைக்கு முன்னால் போட்டால் கடவுச்சொல் கேட்கும்; பல கணினிகளில் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூட வராது. "கீபோர்டு கெட்டுப்போச்சு அண்ணே." கெடவில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு எழுத்தின் எண்ணிக்கைகூடத் தெரியக்கூடாது என்பதற்காகப் பழைய யூனிக்ஸ் காலத்து வழக்கம் அது. தைரியமாகத் தட்டி என்டர் அடிக்கலாம்.

இடமில்லை என்கிற புகார்

"ஓப்பன் ஆகி அப்படியே நிக்குது" என்றால் முதலில் வட்டைத்தான் பார்ப்பேன். டிஎஃப் கோடு எச் எந்தப் பகுதி நிரம்பியது என்று சொல்லும். எது அடைத்திருக்கிறது என்று சொல்ல இரண்டாவது கட்டளை வேண்டும்: டி, யு, இடம், கோடு, எச், டி, 1. தொடர்ந்து ஒரு செங்குத்துக் கோடு, பிறகு சார்ட் கோடு எச். முதல் பாதி ஒவ்வொரு ஃபோல்டரின் எடையையும் கணக்கிடுகிறது. இரண்டாம் பாதி அதைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குகிறது. கடைசி வரிகளில் நிற்பவைதான் குற்றவாளிகள்.

நடுவிலுள்ள அந்தச் செங்குத்துக் கோட்டுக்கு பைப் என்று பெயர். ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளையின் கையில் கொடுக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் டக் மக்கில்ராய் வற்புறுத்தியதால் கென் தாம்சன் 1973-இல் யூனிக்ஸில் சேர்த்தது. சின்னச் சின்னக் கட்டளைகளைக் கோத்துப் பெரிய வேலை வாங்கும் வித்தை முழுவதும் அந்த ஒரு கோட்டில் இருக்கிறது.

வீட்டுக் கணினிகளில் அடைப்பு மூன்று இடங்களில் இருக்கும். முதலாவது குப்பைத்தொட்டி. அழித்ததாக நினைத்த கல்யாண வீடியோக்கள் பெயருக்கு முன் புள்ளியிட்ட மறைவு ஃபோல்டருக்குள் அப்படியே கிடக்கும். டியூவின் கண்ணுக்கு அது தப்பாது. இரண்டாவது, மென்பொருள் நிறுவுவதற்காக இறக்கிய பொதிகள். சூடோ, ஆப்ட், கிளீன் என்ற மூன்று சொல் போதும். இயங்குதளத்தின் கருவான கெர்னலின் பழைய பதிப்புகளையும் நீக்க சூடோ, ஆப்ட், ஆட்டோரிமூவ். மூன்றாவது, கணினி தன்னைப் பற்றி எழுதிக்கொண்டே போகும் நாட்குறிப்பு. சூடோ ஜர்னல்சிடிஎல், பிறகு இரண்டு கோடு, வேக்யூம், கோடு, சைஸ், சமக்குறி, 200 பெரிய எம். நாட்குறிப்பு 200 மெகாபைட் அளவுக்குச் சுருங்கும். எக்ஸ்பி காலத்துக் கணினியில் வட்டே சிறியது. அங்கே இந்த மூன்றும் பெரிய தொகை.

காவடிப் படங்களும் சான்றிதழ்களும்

தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு ஸ்ரீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில் வரை காவடிகளோடு கூடவே நடந்து படமெடுக்கும் போட்டோகிராபர் ஒருவர் என் வாடிக்கையாளர். மறுநாளே குடும்பங்களுக்குப் படம் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து சிறிதாக்கினால் விடிந்துவிடும். இமேஜ்மேஜிக் தொகுப்பில் மோக்ரிஃபை என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஃபோல்டர் முழுவதையும் ஒரே வரியில் சிறிதாக்கும். ஆனால் சும்மா விட்டால் மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும். அதனால் முதலில் எம்கேடிர் கட்டளையால் ஒரு புது ஃபோல்டர். பிறகு மோக்ரிஃபை, கோடு பாத், அந்த ஃபோல்டரின் பெயர், கோடு ரீசைஸ், 1600 எக்ஸ் 1600, கடைசியில் நட்சத்திரம், புள்ளி, ஜேபிஜி. பல கேமராக்கள் ஜேபிஜியைப் பெரிய எழுத்தில் எழுதும். லினக்ஸுக்குப் பெரிய ஜேயும் சின்ன ஜேயும் வேறு வேறு எழுத்துகள். "ஒரு படமும் இல்லைங்குது" என்று அவர் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

மூலப் படங்களை வெளி வட்டில் நகலெடுக்க ஆர்சிங்க். இழுத்துப் போட்டு நகலெடுக்கும்போது நடுவில் வயர் கழன்றால் எது வந்தது, எது வரவில்லை என்று தெரியாது. ஆர்சிங்க்கை மறுபடி ஓட்டினால் விட்டதை மட்டும் தொடரும். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கோடு ஏ, வி என்பதோடு என் என்ற எழுத்தையும் சேர்த்தால் அது ஒத்திகை. என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் காட்டும், ஒன்றையும் தொடாது. பட்டியல் சரி என்றால் அந்த 'என்' எழுத்தை எடுத்துவிட்டு ஓட்டலாம். இரண்டாவது, மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். போடாவிட்டால் ஃபோல்டரோடு போகும்.

தொழிலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் அதிகம் பயன்பட்டது பிடிஎஃப்யுனைட். வேலை விண்ணப்பத்துக்கும் படிப்பு விண்ணப்பத்துக்கும் எல்லாச் சான்றிதழையும் ஒரே பிடிஎஃப்பாகக் கேட்பார்கள். கட்டளையின் பெயர், பிறகு வரிசையாகச் சான்றிதழ்களின் பெயர்கள், கடைசியாகப் புதுக் கோப்பின் பெயர். அந்தக் கடைசிப் பெயரை மறக்கக்கூடாது. மறந்தால் கடைசிச் சான்றிதழின் மேலேயே எழுதிவிடக்கூடும். பிறந்த தேதியும் அடையாள எண்ணும் உள்ள பத்திரங்களை முன்பின் தெரியாத ஓர் இலவசத் தளத்தில் ஏற்றி ஒட்டுவதைவிட, சொந்தக் கணினிக்குள் ஒரே வரியில் ஒட்டிக்கொள்வது நல்லது.

ஜோசியரின் அரை மணி நேரம்

இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்களின் நிரந்தரப் புகார் கடிகாரம். லினக்ஸ், தாய்ப்பலகையில் உள்ள கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும். விண்டோஸ் உள்ளூர் நேரத்தில் வைக்கும். சிங்கப்பூர் பொது நேரத்துக்கு எட்டு மணி முன்னால் இருக்கிறது. அதனால் லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் எட்டு மணி நேரம் பின்னே நிற்கும். டைம்டேட்சிடிஎல், செட்-லோக்கல்-ஆர்டிசி, 1 என்று தட்டினால் லினக்ஸ் விண்டோஸின் வழக்கத்துக்கு இறங்கிவரும். சென்னையில் வாங்கிவந்த கணினி இரண்டரை மணி நேரம் பின்தங்கினால் டைம்டேட்சிடிஎல், செட்-டைம்ஸோன், ஆசியா சாய்கோடு சிங்கப்பூர்; ஆசியாவின் ஏயும் சிங்கப்பூரின் எஸ்ஸும் பெரியவை.

நேரக் கட்டளைகளை என்னிடமிருந்து மிகவும் ஆவலாகக் கற்றவர் பஃபலோ ரோடு பக்கம் ஜாதகம் பார்க்கும் ஒரு பெரியவர். பிறப்புச் சான்றிதழில் உள்ள மணியை அப்படியே எட்டு மணி நேர வித்தியாசத்தில் போட்டுக் கணித்தால் சிங்கப்பூரில் பிறந்த வயதானவர்களின் கட்டம் தவறும் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும்; எந்த ஆண்டுக்கு எவ்வளவு என்பதுதான் சிக்கல். லினக்ஸ் கணினி ஒவ்வொன்றின் உள்ளேயும் அதற்கான வரலாற்று ஏடு இருக்கிறது. இஸட்டம்ப், கோடு வி, ஆசியா சாய்கோடு சிங்கப்பூர் என்று கேட்டால் எல்லா மாற்றங்களையும் கொட்டும்.

1905 ஜூன் முதல் பொது நேரத்துக்கு ஏழு மணி முன். 1933-இல் இருபது நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் ஏழரை மணி ஆனது. 1942 பிப்ரவரி 15-இல் பிரிட்டிஷார் சரணடைந்தார்கள். மறுநாளே கணக்கு ஒன்பது மணிக்குத் தாவுகிறது. ஜப்பானியர் தோக்கியோ நேரத்தை இங்கே ஓட்டினார்கள். 1945 செப்டம்பர் 12-இல் மறுபடி ஏழரை. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கு நேராக நள்ளிரவு. 1982 எட்டு மணிக் கணக்கில் பிறந்தது. தீபகற்ப மலேசியா நேரத்தை மாற்றியதும் சிங்கப்பூரும் கூடவே மாறிக்கொண்டது.

ஒரு ராசியை லக்னம் கடக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நவாம்சத்தில் ஒரு பாதம் கடக்கச் சுமார் பதின்மூன்று நிமிடம். 1960-இல் பிறந்தவருக்கு அரை மணி தவறினால் நவாம்ச லக்னம் இரண்டு கட்டம் தள்ளிப்போகும். ஜப்பானியர் காலத்தில் பிறந்தவருக்குத் தவறு ஒரு மணி நேரம். பெரியவர் தானே கேட்டுக்கொள்ள ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: பெரிய எழுத்தில் டி, இஸட், சமக்குறி, ஆசியா சாய்கோடு சிங்கப்பூர், இடம், டேட், கோடு டி, மேற்கோளுக்குள் பிறந்த நாளும் மணியும், கடைசியில் கூட்டல் குறி, சதவீதக் குறி, இஸட். 1960-க்குக் கூட்டல் 0730 என்று வரும், 1944-க்குக் கூட்டல் 0900. அவருக்கு ஜாதக மென்பொருளின் கணக்கைவிட இந்த ஒற்றை விடைமேல் நம்பிக்கை அதிகம்.

இதே கட்டளையில் கொல்கத்தா என்று போட்டுப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. போருக்காக இந்தியாவும் 1942 முதல் 1945 வரை ஒரு மணி நேரம் கூட்டி ஆறரையில் இருந்திருக்கிறது. எனவே போரின் நடுவிலும் ஊருக்கும் சிங்கப்பூருக்கும் இடைவெளி இன்றைப்போல இரண்டரை மணிதான். போர் முடிந்ததிலிருந்து 1981 கடைசி வரை அது இரண்டே மணி. "எங்க காலத்துல ரெண்டு மணி நேரந்தான் வித்தியாசம்" என்று வயதானவர்கள் சொன்னால் அவர்கள் சொல்வது சரி.

தமிழ் கட்டளைக்குள் வரும்போது

கணினித் தமிழில் சிங்கப்பூருக்கு மூத்த இடம் உண்டு. நா. கோவிந்தசாமி 1995-இலேயே இங்கிருந்து தமிழை இணையத்தில் ஏற்றினார். 1997-இல் தமிழ் இணைய மாநாடு இங்கே கூடியது; 2000-இல் மறுபடி இங்கே கூடியபோது உத்தமம் அமைப்பு பிறந்தது. அந்தக் காலத்தில் எழுதிய கதைகள், நாடகங்கள், கோவில் மலர்கள் எல்லாம் இன்று குறுந்தகடுகளில் கிறுக்கலாகக் கிடக்கின்றன. யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றங்கள் அவை.

நாடகம் எழுதும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் அப்படி ஒரு தகட்டைக் கொண்டுவந்தார். பல ஆண்டு உழைப்பு, வாசிக்க வழியில்லை. உள்ளே இருந்தது டிஸ்கி குறியேற்றம். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் டிஸ்கியைப் படிக்கும் பகுதி 2002-லிருந்தே இருப்பது பலருக்குத் தெரியாது; புரூனோ ஹைப்லே எழுதியது. டிஸ்கியில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், மெய்க்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் மெய்க்குப் பின்னால் நிற்க வேண்டும். அந்த இடமாற்றத்தையும் அதுவே செய்துவிடும். ஐ, கான்வ் என்று சேர்த்தெழுதும் ஐகான்வ்; கோடு எஃப், பெரிய எழுத்தில் டிஎஸ்சிஐஐ; கோடு டி, யூடிஎஃப்-8; கோப்பின் பெயர்; பெரியது என்ற குறி; புதுக் கோப்பின் பெயர். வெறும் எழுத்துக் கோப்பாக இருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் தமிழ் வந்து நிற்கும். வேர்டு கோப்பென்றால் முதலில் எழுத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய ஒற்றை பைட்டுக்கு இறக்கி, பைப் வழியாக இரண்டாவது ஐகான்வுக்குக் கொடுக்க வேண்டும். சில எழுத்து உதிரும். உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கத்தான் வேண்டும்.

யூனிகோடு வந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளாறு மிச்சமிருக்கிறது. 'கோவில்' என்று தேடினால் சில கோப்புகளில் மட்டும் கிடைக்காது. காரணம், 'கோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றே, தேடும் கட்டளையான கிரெப்புக்கு வேறு வேறு. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இதே கதை. யூகான்வ், கோடு எக்ஸ், எனி-என்எஃப்சி என்ற கட்டளை எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். தமிழ்க் கோப்புகளைச் சேகரிப்பவர்கள் தேடுவதற்கு முன் இதை ஒருமுறை ஓட்டிவிட வேண்டும்.

எண்ணும்போதும் கவனம் வேண்டும். 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. எண்ணும் கட்டளையான டபிள்யூசி கோடு எம் அதை ஐந்து என்னும், ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. டபிள்யூசி கோடு சி பதினைந்து என்னும்; யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். "இத்தனை எழுத்துக்குள் எழுதவும்" என்கிற விண்ணப்பப் பெட்டி தமிழை ஏன் பாதியில் வெட்டுகிறது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். அடுக்குவதிலும் அப்படித்தான். வெறும் குறியெண் வரிசையில் அடுக்கினால் ன-வில் தொடங்குவது ப-வுக்கு முன்னும், ழ-கரம் வ-கரத்துக்கு முன்னும் வந்து நிற்கும். சார்ட்டுக்கு முன்னால் பெரிய எழுத்தில் எல்சி, கீழ்க்கோடு, ஆல், சமக்குறி, பிறகு இந்தியத் தமிழ் அமைப்பின் பெயரைப் போட்டால் நாம் படித்த நெடுங்கணக்குக்கு நெருங்கி வரும். நான் கையாண்ட டெபியன், உபுண்டு கணினிகளில் இத்தகைய மொழி அமைப்புகளின் பட்டியலில் சிங்கப்பூர் ஆங்கிலமும் சிங்கப்பூர் சீனமும் இருந்தன; தமிழுக்கு இந்தியாவும் இலங்கையும்தான். நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாகத் தமிழை வைத்திருக்கும் நாட்டிலிருந்து யாராவது சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புக்கான சிறு கோப்பை எழுதிச் சேர்த்தால் நல்லது.

தாளில் இருக்கும் தமிழுக்கு டெஸராக்ட். பழைய தமிழ் முரசு நாளிதழின் கத்தரிப்பை ஸ்கேன் செய்து, கோடு எல், டி ஏ எம் என்று மொழியைச் சொன்னால் எழுத்தாக எடுத்துக் கொடுக்கும். தும்பிக்கை வைத்த பழைய லை, னை வடிவங்களில் தடுமாறும்.

புரியாத வரியை ஒட்டாதே

எளிதாகக் கைமாறும் பொருளில் நஞ்சும் எளிதாகக் கைமாறும். "இதைப் போட்டா கணினி பறக்கும்" என்று ஒரு தம்பிக்கு வாட்ஸ்அப்பில் வந்த வரி, அவன் வீட்டு ஃபோல்டர் முழுவதையும் அழிக்கும் ஆர்எம் கட்டளை. ஒட்டுவதற்கு முன் எனக்குப் போன் செய்தான், பிழைத்தான். ஆர்எம்முக்குக் குப்பைத்தொட்டி கிடையாது, போனது போனதுதான்.

என்னிடம் வருபவர்களுக்கு ஒரே விதி. வரியில் உள்ள ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று சொல்லத் தெரிந்தால்தான் என்டர். தெரியாத சொல்லுக்கு மேன் என்று போட்டுக் கட்டளையின் பெயரைப் போட்டால் விளக்கம் வரும். சுருக்கமாக வேண்டுமென்றால் பெயருக்குப் பின் இரண்டு கோடு, ஹெல்ப். தமிழில் படிக்க து. நித்யாவின் 'எளிய தமிழில் க்னு/லினக்ஸ்' நூலைக் கணியம் தளம் இலவசமாகத் தருகிறது. சூடோ இருந்தால் இருமுறை படி. நட்சத்திரக் குறியோடு அழிக்கச் சொன்னால் முதலில் அதே நட்சத்திரத்தைக் கோப்புப் பட்டியல் காட்டும் எல்எஸ்ஸுக்குக் கொடுத்து எவையெல்லாம் சிக்குகின்றன என்று பார். இணையத்திலிருந்து எதையோ இறக்கி நேரடியாகப் பைப் வழியே, கட்டளைகளை இயக்கும் ஷெல்லுக்குக் கொடுக்கும் வரியை, யார் எழுதியது என்று தெரியாமல் தொடாதே. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கி வருகிறார்கள். நன்றாகவே எழுதிக் கொடுக்கிறது. விதி அதற்கும் அதுவேதான்.

நோட்டுப் புத்தகம்

முதல் நாளே ஒரு கட்டளை நோட்டு போடச் சொல்லிவிடுவேன். இடப்பக்கம் கட்டளை, வலப்பக்கம் அது எதற்கு என்று சொந்த வார்த்தையில். டியூஷன் ஆசிரியை "பிள்ளைங்க ஹோம்வொர்க்கை ஒண்ணாத் தைக்க" என்று எழுதியிருக்கிறார். மளிகைக் கடைக்காரரின் நோட்டில் "பிரிண்டர் மக்கர் பண்ணினா" என்பதற்கு எதிரே கேன்சல், கோடு ஏ. சிக்கி நிற்கும் அச்சு வேலைகளை எல்லாம் ரத்து செய்யும் வரி. கொஞ்சம் தேறியவர்களுக்கு அதையே கணினிக்குள் ஒரு கோப்பாக்கி, கிரெப்பால் தேடக் கற்றுக்கொடுத்தேன். கிரெப் கோடு ஐ, பிரிண்டர், கோப்பின் பெயர். தேவையான வரி வந்துவிடும்.

அந்த நோட்டுகள் இப்போது என்னைத் தாண்டிப் போய்விட்டன. டார்மிட்டரியில் ஒருவன் எழுதியதைப் பத்துப் பேர் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். ஆசிரியையின் நோட்டை அவர் மாடியில் குடியிருக்கும் சீன மூதாட்டியின் பேரன் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்திருக்கிறான். எனக்கு வரும் அழைப்பு குறைந்துவிட்டது, வருகிற கேள்வியின் தரம் கூடிவிட்டது.

கிரெப்பை கென் தாம்சன் 1973-இல் கொடுத்தார். அதற்குப் பிறகு எத்தனையோ திரைகள் வந்து போயின. எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளியும் போய்விட்டது. கிரெப்பை இன்றும் அதே பெயரில், அதே வரிசையில்தான் தட்டுகிறோம். லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: இந்த வாரம் டேப் விசையையும் டிஎஃப் கோடு எச்சையும் மட்டும் பழகுங்கள். எதைக் கற்றாலும், அது எதற்கு என்று ஒரு வரி தமிழில் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த ஆள் போன் செய்து கேட்கும்போது அவர் திரையில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க வேண்டாம்; நோட்டைப் பார்த்து வாசித்தாலே போதும்.